ஓடிவி: இரு தளங்களுக்கிடையே இரண்டாம் அடுக்கு நீட்டிப்பு

தொலைவிலுள்ள தரவு மையங்களின் ஈதர்நெட் வலையமைப்பை, இடையிலுள்ள ஐபி வலையமைப்பின் மேலாக ஒன்றாக்கும் சிஸ்கோ தொழில்நுட்பம். 2010-இல் நெக்சஸ் 7000 சுவிட்சுகளில் அறிமுகமானது. பின்னர் ஏஎஸ்ஆர் 1000 ரூட்டர்களுக்கும் வந்தது. இயங்கும் மெய்நிகர் கணினியை ஐபி முகவரி மாற்றாமல் மறுதளத்துக்கு நகர்த்தவே பெரும்பாலும் இது தேவைப்படுகிறது.

தளத்தின் விளிம்பிலுள்ள கருவி ஈதர்நெட் சட்டகத்தை ஐபி பொதிக்குள் வைத்து அனுப்ப, எதிர்முனைக் கருவி அதைப் பிரித்தெடுக்கும். எந்த மேக் முகவரி எந்தத் தளத்தில் உள்ளது என்பதை இவை ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறை வழியே முன்கூட்டியே அறிவித்துக்கொள்வதால், இலக்கு தெரியாத தனிமுகவரிச் சட்டகம் வழக்கமாக மறுதளத்துக்குப் பரப்பப்படுவதில்லை. ஸ்பேனிங் ட்ரீ செய்திகளும் எல்லையிலேயே நின்றுவிடும். ஓடிவியின் உண்மையான பலம் இதுவே. ஆனால் பிராட்காஸ்ட் கடந்து செல்லும். புயல் வந்தால் இரு தளமும் நனையும்.

உறையிடல் 42 பைட் கூட்டுகிறது. பொதியைத் துண்டாக்கலாகாது என்ற குறியும் வழக்கமாக இடப்படுவதால், இடைவழியின் எம்டியூ குறைந்தது 1542 பைட் வேண்டும். பிங் போகிறது, கோப்பு போகவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

புதிய நிறுவல்களில் விஎக்ஸ்லேன்-ஈவிபிஎன் ஓடிவியின் இடத்தைப் பிடித்துள்ளது.