வேட்டைக் கத்தியும் வீரக் கதையும்

ஒரு கருவி பிறந்த காரணம் ஒன்றாகவும், அது பெயர் பெற்ற காரணம் வேறொன்றாகவும் அமைவது சரித்திரத்திற் புதிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், 19 ஆம் நூற்றாண்டின் முற்கூற்றில் தோன்றிய போவிக் கத்தி இதற்குத் தக்க சான்றாகும். மடக்க இயலாத நீண்ட அலகும், கைக்கு இசைந்த பிடியும், இடையிற் கட்டும் தோலுறையும் கொண்ட பெரிய காட்டுக் கத்திகள் இன்றும் பல நாடுகளில் இப்பெயரால் வழங்குகின்றன. ஆயினும், பெயர் கொடுத்தவர் அதனை ஆக்கியவரல்லர். ஆக்கியவர் அதனைச் சண்டைக்கென ஆக்கியவருமல்லர்.

1838 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ரெசின் போவி என்பவர் பத்திரிகையொன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலஞ்சென்ற தம் தம்பி ஜேம்ஸ் போவியைப் பற்றிப் பரவிய கட்டுக்கதைகளை மறுப்பதே அவர் நோக்கம். முதற் கத்தியை லூசியானா மாகாணத்தின் அவோயல்ஸ் பகுதியில் தாமே செய்ததாகவும், பல ஆண்டுகள் அது வேட்டைக்கு மாத்திரமே பயன்பட்டதாகவும் அவர் கூறினார். அதன் அளவுகளையுங் கொடுத்தார்: நீளம் ஒன்பதே கால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கமே கூர், அலகில் வளைவு கிடையாது. இவ்விவரணம் வீரவாளொன்றை நினைவூட்டுவதன்று. சமையற்கட்டுக் கத்தியையே நினைவூட்டுகின்றது.

அந்நாளில் அவோயல்ஸ் சதுப்பு நிலமும் அடர்ந்த நாணற்காடும் நிறைந்த பிரதேசம். மானையுங் கரடியையும் வேட்டையாடச் சென்றவனுக்குப் புதரை வெட்டவும், தோலை உரிக்கவும், இறைச்சியைத் துண்டிக்கவும் ஒரே கத்தி உதவ வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய கத்தி போதாதவிடத்துத் தோட்டத்துக் கொல்லுலையே துணை. தேய்ந்துபோன அரம் ஒன்றிலிருந்து ஜெஸ்ஸி கிளிப்ற் என்னுங் கொல்லர், ரெசின் சொற்படி அக்கத்தியை அடித்தார் என்பது அக்குடும்பத்தாரின் பிற்காலச் செய்தி.

பழைய அரத்தைக் கத்தியாக மாற்றுவது பொறுமை வேண்டிய வேலை. அரம் நல்ல உருக்கினால் ஆனது. ஆனால் கீழே விழுந்தாலே முறியுந் தன்மையது. ஆகவே அதனை முதலிற் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலிற் புதைத்து மெல்ல ஆறவிடுவர். மென்மையடைந்த உருக்கை அடித்தும் அராவியும் உருவாக்கிய பின், மீண்டும் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துவர். இப்போது அது கண்ணாடிபோற் கடினமாகும். கண்ணாடிபோலவே நொறுங்கவுங் கூடும். எனவே மேற்பரப்பைத் துலக்கி, மூன்றாம் முறை இளஞ்சூடு காட்டுவர். ஏறத்தாழ 220 பாகை சதமளவில் வைக்கோல் நிறம் தோன்றும். 300 பாகையை அணுகும்போது நீலம் படரும். வெட்டும் விளிம்பு வைக்கோல் நிறத்திலும், முதுகு நீல நிறத்திலும் நிற்குமாயின், கூர் நிலைக்கும். அலகும் எளிதில் முறியாது. அதன்பின், பயன்படுத்துபவன் கையளவுக்கு ஏற்ப மரத்தாலோ கொம்பாலோ பிடி அமைக்கப்படும்.

இத்தகைய தொழிற்கருவி ஒரே நாளிற் படைக்கலமாயிற்று. நொரிஸ் றைற் என்பவருக்கும் ஜேம்சுக்கும் இடையே நெடும்பகை இருந்தது. தம்பிமேல் ஒருமுறை துப்பாக்கிப் பிரயோகம் நடந்தபின், தற்காப்புக்கெனத் தம் கத்தியை அவரிடங் கொடுத்ததாக ரெசின் எழுதுகின்றார். 1827 ஆம் ஆண்டு செப்டெம்பர் 19 ஆந் திகதி, நாச்செஸ் நகருக்கு அண்மையில் மிசிசிப்பி ஆற்று மணற்றிட்டொன்றில், வேறிருவர் தம்முட் கைத்துப்பாக்கிப் போட்டி நிகழ்த்தினர். இருவர் குண்டுகளுந் தவறின. அவர்கள் கைகுலுக்கிச் சமாதானமாயினர். ஆனால் உடன்வந்தோரிடையே கலகம் மூண்டது. சுடப்பட்டும், கைத்தடி வாளாற் குத்தப்பட்டுங் கிடந்த ஜேம்ஸ், றைற்றைப் பற்றி இழுத்துக் கத்தியாற் கொன்றார். அக்காலச் செய்தியொன்று அதனைப் பெரிய இறைச்சிக் கத்தி என்றே குறிப்பிட்டது.

ஒருமுறை சுட்டபின் மறுபடி மருந்திட வேண்டிய, சிலவேளை சுடாமலே ஏமாற்றிய துப்பாக்கிகள் வழங்கிய காலம் அது. ஆகவே போவிக் கத்தியைப் பலரும் விரும்பினர். 1836 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆந் திகதி, டெக்சாசின் அலமோக் கோட்டையில் நோயாளியாய்க் கிடந்த ஜேம்ஸ் கொல்லப்பட்டதும், கத்தியின் புகழ் காவியமாயிற்று. அச் சகோதரர்கள் அடிமைகளைக் கடத்தி விற்றுப் பொருள் ஈட்டியவர்கள் என்பதை அக்காவியம் பேசவில்லை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துத் தொழிலாளர் ஆயிரமாயிரமாகக் கத்திகளைச் செய்து கடல்கடந்து அனுப்பினர். அடிமை ஒழிப்புக்குச் சாவு என்னும் வாசகம் பொறித்த அலகுகளும் அவற்றுட் சில.

புகழின் விலையைச் சமூகம் விரைவிலே செலுத்தியது. 1837 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆர்கன்சாஸ் சட்டசபையில் ஓநாய் வேட்டை பற்றிய மசோதா விவாதிக்கப்பட்டது. சொற்போர் முற்றவே, சபாநாயகர் ஜோன் வில்சன் ஆசனத்தை விட்டிறங்கி, ஜே. ஜே. அந்தோனி என்னும் உறுப்பினரைச் சபைக்குள்ளேயே போவிக் கத்தியாற் குத்திக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டில் அலபாமா மாகாணம் அக்கத்தி விற்பனைக்கு 100 டொலர் வரி விதித்தது. 1838 இல் டெனசி மாகாணம் விற்பனையையே தடைசெய்தது. ரெசின் தம் கடிதத்தை எழுதியது இந்தச் சூழ்நிலையிலேயாம். 1841 இல் அவர் இறந்தார். கதையோ தொடர்ந்து வளர்ந்தது.

திரும்பத் திரும்பச் சுடவல்ல ரிவோல்வர் பரவியதும் கத்திக்குப் போர்க்களத்தில் இருந்த மதிப்புக் குறைந்தது. இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகக் கையாற் கத்தி அடிக்குங் கலையும் மங்கியது. அதனை மீட்டவர்களுட் குறிப்பிடத்தக்கவர் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன். பலவகை உருக்கை மடித்து அடித்து, நீரோட்டம் போன்ற வரிகள் தோன்ற அவர் செய்த கத்திகள் 1973 இற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1976 இல் அவரும் நண்பர்களும் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை நிறுவினர். வீட்டுக் கொட்டிலில் உலை வைத்து, ஓய்வுநேரத்திற் கத்தி செய்வோர் பலர் அதிற் சேர்ந்தனர். 1988 இல் ஆர்கன்சாசின் வாஷிங்டன் என்னுஞ் சிற்றூரிலே பயிற்சிப் பள்ளியொன்று தொடங்கிற்று. போவிக் கத்தியை ஆக்கியவர் ஜேம்ஸ் பிளாக் என்னுங் கொல்லரே என்று நெடுங்காலம் உரிமை பாராட்டிய ஊரும் அதுவே.

அச்சங்கத்தின் தேர்வு கவனிக்கத்தக்கது. அலகு பத்து அங்குலத்துக்கு மேற்படலாகாது. தொங்கும் ஓரங்குலத் தடிப்புக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னரும் கைம்மயிரை மழிக்குங் கூர் எஞ்சியிருக்க வேண்டும். ஈற்றில் அலகை 90 பாகை வளைப்பர். அது இரண்டாக முறியலாகாது. எவ்வளவு அழகிய கத்தியாயினும் இத்தேர்விற் பழுதாகியே தீரும்.

இத்தேர்வில் எதிரியும் இல்லை, வீரக்கதையும் இல்லை. கயிறும் மரமும் உருக்குமே உள்ளன. அவோயல்ஸ் காட்டு வேட்டைக்காரன் தன் கத்தியிடம் வேண்டியவையும் இவையே. பத்திரிகைக் கடிதத்தால் ரெசின் போவி நிலைநாட்ட முடியாத உண்மையை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் கொல்லர்களின் வெட்டுமரம் நிலைநாட்டியது.