இணையத்தின் பெயரேடு

மாணவ நேயர்களே,

நான் ஆசிரியனாகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறுகின்றேன். ஒரு நாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து வழக்கம் போல் பெயர்களை அழைத்தேன். வராத மாணவன் ஒருவனுக்காக அவன் தோழன் 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுத்தான். நான் தலை நிமிராமலேயே குறியிட்டேன். பள்ளிக்குப் புறப்பட்ட அச்சிறுவனோ, காய்ச்சல் மிகுந்து வழியிலிருந்த மண்டபமொன்றில் சுருண்டு கிடந்தான். 'வந்தான்' என்று ஏடு சொன்னமையால் மாலை வரை அவனை எவரும் தேடவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான், எனினும் அந்நாளின் நாணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. குரல் வந்ததையே ஆள் வந்ததாகக் கொண்டது என் பிழை. இதே பிழைக்கு இடம் தந்த மற்றோர் ஏட்டின் வரலாறே இன்றைய பேச்சு.

இணையத்தில் இணைந்த கணிப்பொறிகளுக்கு எண்களாலாகிய முகவரிகள் உண்டு. எண்களை நினைவில் வைத்தல் மனிதர்க்கு அரிது. பெயர்களை வைத்தல் எளிது. ஆகவே, பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏடு ஒன்று வேண்டியதாயிற்று. இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் பெயரேட்டைக் காலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் குழு பேணி வந்தது. புதிய கணிப்பொறியை இணைப்போர் அக்குழுவுக்குத் தெரிவிப்பர். குழுவினர் ஏட்டில் சேர்ப்பர். ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொள்வர். ஒருவரையொருவர் அறிந்திருந்த சிற்றூர் போன்ற காலம் அது.

ஊர் பெருகிற்று; ஒரே ஏடு போதவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் களப்பெயர் முறையை வகுத்தார். முழு ஏட்டையும் ஒரே இடத்தில் வையாமல், பலருக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் நுட்பம். மாவட்டத்தைக் கேட்டால் வட்டத்தைக் காட்டுவதும், வட்டத்தைக் கேட்டால் ஊரைக் காட்டுவதும் போல, 'வேர்' எனப்படும் தலைமை ஏடு அடுத்த ஏட்டைக் காட்டும். அது அதற்கடுத்ததைக் காட்டும். இவ்வாறு பெற்ற விடையை, கேட்ட கணிப்பொறி சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். 'டாட் காம்' என முடியும் முதற்பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவாயிற்று. இன்று கோடிக்கணக்கான பெயர்களை இம்முறையே தாங்குகின்றது.

ஆயினும், நண்பர்களுக்கென வகுத்த அம்முறையில் ஒரு குறை இருந்தது. விடையளிப்பவர் உரியவர்தாமா என்று அது ஆராயவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பெல்லோவின் இவ்வாபத்தை 1990-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினார். தீயோர் கையில் அது கருவியாகிவிடும் என்றஞ்சி, 1995 வரை அக்கட்டுரையை வெளியிடாமல் வைத்திருந்தார்.

2008-ஆம் ஆண்டில் டான் காமின்ஸ்கி என்னும் இளைஞர் இன்னும் கொடிய வழியொன்றைக் கண்டார். பெயர் குறித்த வினா ஒவ்வொன்றிலும் 65,536 எண்களுள் ஒன்று அடையாளமாக இருக்கும். உண்மை விடை வருமுன் அவ்வெண்ணை ஊகித்துப் பொய்விடை அனுப்புபவன் வென்றுவிடுவான். ஊகம் தவறினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதே அதுவரை இருந்த ஆறுதல். இல்லாத பெயர்களை அடுத்தடுத்துக் கேட்டால் காத்திராமலே ஊகிக்கலாம் என்பதை அவர் கண்டார். வங்கியின் பெயரைக் கேட்டவரைக் கள்வனின் வாயிலுக்கு அனுப்ப இஃதொன்றே போதும். அவர் இதனை விலைக்கு விற்கவில்லை. வல்லுநர்களிடம் மறைவாகத் தெரிவித்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பதினாறு பொறியியலாளர் கூடி ஆராய்ந்தனர். ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒருங்கே திருத்தத்தை வெளியிட்டன. ஊகித்தல் பன்மடங்கு கடினமாயிற்று. எனினும் அடிப்படைக் குறை நீங்கிவிடவில்லை.

அதற்குரிய மருந்து, விடைகளுக்கு மின்முத்திரை இடுதல். டி.என்.எஸ்.செக் எனப்படும் இம்முறையில், 2010 ஜூலை 15 அன்று வேரேடே முத்திரை பெற்றது. அம்முத்திரைக்குரிய மறைதிறவுகோல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் காக்கப்படுகின்றது. பல நாடுகளிலிருந்து தேர்ந்த நம்பிக்கையாளர் சிலர் கூடினாலன்றி அதனைப் பயன்படுத்த இயலாது. எனினும், பெரும்பாலான பெயர்களுக்கு இம்முத்திரை இன்னும் இடப்படவில்லை.

விடை மெய்யாயிற்று என்றே கொள்வோம்; வினா மறைவாயிற்றா? இல்லை. முத்திரையிட்ட அஞ்சலட்டையும் அஞ்சலட்டையே. வழியிலுள்ளோர் எவரும் அதனைப் படிக்கலாம். இந்த உண்மையை வானொலி நேயர்களாகிய நீங்கள் எளிதில் உணர்வீர்கள். வானலையில் என் பேச்சை யார் கேட்கின்றார் என்பதை நிலையம் அறியாது. இதே பேச்சைப் பாட்காஸ்டாக இணையத்தில் கேட்க முற்பட்டாலோ, உங்கள் கருவி முதலில் ஒரு பெயரைச் சொல்லி முகவரி வினவ நேரும். நோயைக் குறித்த நிகழ்ச்சியாயினும், அரசியலைக் குறித்த நிகழ்ச்சியாயினும், வினவிய பெயரே உங்கள் மனத்தைக் காட்டிவிடக்கூடும்.

அரசுகள் மக்களின் செய்தித் தொடர்புகளைப் பேரளவில் கண்காணித்தமை 2013-ஆம் ஆண்டில் வெளிப்பட்டபின், வல்லுநர்கள் இதில் முனைந்தனர். வினாவை மறைகுறியாக்கி அனுப்பும் முறைகள் 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் வகுக்கப்பட்டன. அஞ்சலட்டைக்கு உறை கிடைத்தது. ஆனால், உறையைப் பிரித்து விடையளிக்கும் நிறுவனம் வினாவை அறியத்தானே செய்யும்? நம்பிக்கை இடம் மாறிற்று. அதன் தேவை ஒழிந்துவிடவில்லை.

மாணவச் செல்வங்களே! முத்திரை வேறு, உறை வேறு. முன்னது பொய்விடையைத் தடுக்கும். பின்னது வழிப்போக்கர் கண்ணைத் தடுக்கும். ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்யாது. இவ்விரண்டும் இருந்தாலும், வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி வஞ்சகன் பதிந்த பெயரை நீங்களே கேட்டால், அந்த வஞ்சகனின் முகவரியே பழுதின்றி வந்து சேரும். அப்போது உங்களைக் காப்பது உங்கள் கண்ணேயன்றி வேறில்லை. குறியிடுமுன் ஒரு கணம் தலை நிமிர்ந்து பாருங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.