மாலத்தீவின் படையும் கட்டளையும்

1988 நவம்பர் 3 அன்று, இலங்கையிலிருந்து கடல்வழி வந்த ஏறத்தாழ 80 கூலிப்படையினர் மாலே நகரைத் தாக்கினர். அதிபர் மஃமூன் அப்துல் கையூம் வேண்டியதன்பேரில் இந்தியப் படை அன்றிரவே வந்திறங்கி ஆட்சியைக் காத்தது. அந்நாளில் காவல்பணியும் நாட்டுக்காப்பும் தேசியப் பாதுகாப்புச் சேவை என்னும் ஒரே அமைப்பிடம் இருந்தன. 2004இல் காவல்துறை தனியே பிரிக்கப்பட்டது. எஞ்சிய அமைப்பு 2006இல் தேசியப் பாதுகாப்புப் படை எனப் பெயர் பெற்றது. 2008ஆம் ஆண்டின் அரசமைப்பு, அதிபரைத் தலைமைத் தளபதியாக்கிப் படையை நாடாளுமன்றக் கண்காணிப்பின்கீழ்க் கொணர்ந்தது.

ஆயினும் 2012 பிப்ரவரி 7 அன்று, காவலருள் ஒரு பிரிவினரும் படையினருள் சிலரும் கட்டளையை மீறி நின்றனர். அதிபர் முஹம்மது நஷீத் அன்றே பதவி விலகினார். வெளியார் தாக்கினால் நட்பு நாடு துணைவரும். உள்ளேயே கட்டளை முறிந்தால் துணைவருவார் யார்? ஏட்டில் எழுதிய கட்டளை, அதனை ஏந்துவோர் உள்ளத்தில் அமானிதமாகப் பதிவதே சிறு நாட்டின் அரண் எனக் கருதுகிறோம்.