வேலையோடு வந்த வீடும் பட்டாவோடு வரும் வீடும்



நம் பெரியவர்களிடம் "ஊர் எது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு தோட்டத்தின் பெயரே பதிலாக வரும். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாக மாறியிருக்கலாம்; வீடமைப்புப் பகுதியாக மாறியிருக்கலாம். ஆனாலும் பெயர் மட்டும் நாவில் நிற்கிறது. "அங்கே நீங்கள் குடியிருந்த வீடு யார் பெயரில் இருந்தது?" என்று அடுத்துக் கேட்டால், பெரியவர்கள் சற்றே மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்துக்குள் நூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

பேராக்கில் இன்று நம் குடும்பங்கள் பல ஈப்போவில் சொந்த வீடு பார்க்கின்றன. புறநகரில் புது வீடு வாங்குவதா, பழைய பட்டணப் பகுதியில் எல்லாவற்றுக்கும் நடந்து போகக்கூடிய பழைய வீடு வாங்குவதா என்று யோசிக்கின்றன. இந்தக் கேள்விக்கு விடை காண, நாம் குடியிருந்த வீடுகளின் வரலாற்றை முதலில் பார்ப்போம்.

1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினார்கள். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இந்த ஆள்சேர்ப்பு நடந்தது.

வந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு. நீண்ட ஒரே கூரை. அதன் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். வாடகை கிடையாது. அது ஒரு சலுகை போலத் தோன்றியது. ஆனால் அந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். குடும்பத் தலைவர் ஓய்வு பெற்றால், அவர் பிள்ளை தோட்டத்தில் வேலைக்கு இருந்தால்தான் அதே கூரையின் கீழ் கஞ்சி குடிக்க முடியும். மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டிலும் ஒரு செங்கல்கூட நம் பெயரில் இல்லை.

பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915-இல் அதைக் கட்டத் தொடங்கினார். அதற்காகச் சென்னையிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அதன் அருகே தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. அரண்மனை கட்டத் தெரிந்த கைகள் நம் கைகள். அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஓர் ஓலைக் குடிசைக்குக்கூடப் பத்திரம் இருந்ததில்லை.

இருந்தும் தோட்ட வாழ்க்கையில் ஒரு நன்மை இருந்தது. அதை நாம் மறந்துவிடக் கூடாது. எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு நடந்தோம். பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு நிரைக்குப் போனோம். கோயில், மளிகைக்கடை, தோட்ட ஆஸ்பத்திரி எல்லாம் பக்கத்தில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் தமிழ்ப்பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு வீட்டில் நோய் என்றால் அடுத்த வீட்டார் கஞ்சி கொண்டு வந்தார்கள்.

இந்த வாழ்வு 1950-களில் ஆட்டம் காணத் தொடங்கியது. விடுதலையை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் பெருந்தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்கலாம் என்பதை அச்சங்கம் நிலைநாட்டியது. மரம் வெட்டியவனும் மண்ணுக்கு உரியவனாகலாம் என்ற எண்ணம் நம் மக்கள் மனத்தில் அன்று விதைக்கப்பட்டது.

இங்கே 1966-ஆம் ஆண்டை நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வீடு குறித்த மூன்று சட்டங்கள் அந்த ஆண்டோடு தொடர்புடையவை. ஒன்று, தோட்டத் தொழிலாளர் வீடுகள் குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்த சட்டம். இரண்டாவது, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். மூன்றாவது, 1965-இல் நிறைவேறி 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம். முதல் சட்டம் லயத்தில் இருந்தவருக்கு. இரண்டாவது பட்டணத்தில் வாடகைக்கு இருந்தவருக்கு. மூன்றாவது நிலம் உடையவருக்கு. இந்த மூவரும் பிறகு என்ன ஆனார்கள் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

லயத்தில் இருந்தவரைப் பார்ப்போம். வீட்டுத் தரம் பற்றிய சட்டம் 1990-இல் மேலும் திருத்தமாகப் புதிதாக இயற்றப்பட்டது. குழாய் நீர், மின்சாரம் என்று வசதிகள் கூடின. ஆனால் தரமான வீடு என்பது சொந்த வீடு ஆகிவிடாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. தோட்டம் போனபோது லயமும் போயிற்று. வெளியேறியவர்களில் சிலர் புறம்போக்கில் பலகை வீடு போட்டார்கள். சிலர் மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். 1980-களில் அவ்வீடுகளின் உச்ச விலை 25,000 வெள்ளி. அவற்றுள் பல பட்டணத்துக்கு வெகு தொலைவில் இருந்தன. பிள்ளை பள்ளிக்குப் போக வேன். மனைவி மருந்தகம் போக, கணவன் மோட்டார்சைக்கிளோடு திரும்பி வரும்வரை காத்திருப்பு. நடந்தே நடத்திய வாழ்வு நம்மை விட்டு அகன்றது.

இனி ஈப்போப் பட்டணத்துக்கு வருவோம். ஈயம் கொழித்த கிந்தாப் பள்ளத்தாக்கில், கிந்தா ஆற்றங்கரையில் வளர்ந்த ஊர் இது. 1892-இல் ஏற்பட்ட பெருந்தீ பழைய ஊரின் பெரும்பகுதியை அழித்தது. பிறகு செங்கல்லும் ஓடுமாக ஊர் மீண்டும் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவ் டெட் ஷின் என்ற சீனத் தொழிலதிபர் ஆற்றின் கீழ்க்கரையில் நூற்றுக்கணக்கான கடைவீடுகளைக் கட்டினார். புது நகர் பிறந்தது. 1917-இல் இரயில் நிலையம் எழுந்தது. 1937-இல் பேராக்கின் தலைநகர் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. 1988-இல் ஈப்போ மாநகராயிற்று.

இந்தப் பட்டணம் மோட்டார் வண்டி பெருகுமுன் உருவான பட்டணம். ஆகவே கால்களின் அளவுக்கு ஏற்ப அமைந்தது. கீழே கடை, மேலே வீடு. குறுகிய முகப்பு, நீண்ட உள்கட்டு, நடுவே வெளிச்சத்துக்குத் திறந்த முற்றம். முன்னால் வெயிலும் மழையும் படாத ஐந்தடிப் பாதை. நாம் அஞ்சடி என்கிறோமே, அதுதான். இந்த வழக்கம் 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. லஹாட் சாலைப் பக்கம் நம் வணிகர்கள் கடை வைத்தார்கள். இன்று அப்பகுதியை லிட்டில் இந்தியா என்கிறோம். சற்றே மேற்கில் புந்தோங். நாட்டிலேயே இந்தியர் விழுக்காடு மிக உயர்ந்த சட்டமன்றத் தொகுதிகளுள் அதுவும் ஒன்று. தைப்பூசத்தன்று அங்கிருந்து காவடிகள் புறப்பட்டு நடந்தே கல்லுமலைக்குச் செல்கின்றன. தோட்டத்தில் நாம் இழந்த நடைதூர வாழ்வு, பட்டணத்தின் பழைய பகுதிகளில் இன்னும் எஞ்சியிருக்கிறது.

ஆனால் இங்கேயும் 1966-இன் இரண்டாவது மனிதர் இருக்கிறார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. அதனால் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குப் பலர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1985-இல் ஈயச் சந்தை சரிந்தது. ஈப்போவின் செழிப்பு குன்றியது. பழைய வீடுகள் பழுதாகி நின்றன. 1997-இல் சட்டம் நீக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக முடிந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழங்குடிகளான வாடகைதாரர் பலர் வெளியேற நேர்ந்தது. அந்நகர் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமானது. வீட்டு விலைகள் ஏறின. ஈப்போவிலும் பிறகு சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். 2010-இல் கோலாலம்பூரிலிருந்து விரைவு மின்இரயில் ஓடத் தொடங்கியது. பாழடைந்த கடைவீடுகள் காப்பிக் கடைகளாயின, தங்குவிடுதிகளாயின.

லயத்துக் குடும்பத்துக்கு நேர்ந்ததும் வாடகைக் குடும்பத்துக்கு நேர்ந்ததும் ஒன்றே. ஒரு தெரு மங்கும்போது அங்கே வாழ்ந்தவர் ஏழை. அதே தெரு பொலிவு பெறும்போது முதலில் வெளியேறுபவரும் அவரே. நிலைத்து நின்றவர் மூன்றாவது மனிதர். நிலப்பதிவேட்டில் பெயர் உள்ளவர். தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையையே நம் நிலச் சட்டம் பின்பற்றுகிறது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரியவர். எத்தனை ஆண்டு வாழ்ந்தோம், எத்தனை மரம் நட்டோம் என்பதை அந்தப் பதிவேடு கேட்பதில்லை.

ஆகவே பழைய பகுதியில் வீடு வாங்க எண்ணும் குடும்பங்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்க்க வேண்டும். விற்பவர் பெயர்தான் அதில் இருக்கிறதா? அடமானம் உண்டா? கைமாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா? நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு? ஆண்டு குறைந்தால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைப் பட்டா என்று நம்பி ஏமாறக் கூடாது.

இரண்டாவது, மண்ணையும் மலையையும் பார்க்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கிறது. பழைய ஈயக் குட்டை நிலங்களும் மிகுதி. 1973-இல் குனோங் சீரோவில் பாறை சரிந்து, அடிவாரத்து நீள வீட்டில் இருந்தவர்களில் சுமார் 40 பேர் மாண்டனர். மலிவு என்பதற்காக மலையடியில் ஒதுங்கியவர்கள் கொடுத்த விலை அது.

மூன்றாவது, வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. பழைய கூரை ஒழுகும். மின்கம்பி மாற்ற வேண்டிவரும். கறையான் உத்தரத்தைத் தின்றிருக்கும். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருக்கும். கையில் உள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டால், முதல் பெருமழைக்கே கடன் வாங்க நேரும். 1951 முதல் இயங்கும் ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென எடுக்கக்கூடிய பங்கு உண்டு. 2024-இல் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின் அதை இரண்டாம் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்குரிய பணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, பெயர். கணவன், மனைவி இருவர் பெயரும் பட்டாவில் இருப்பது நல்லது. தோட்டத்தில் பாதி மரங்களை வெட்டியவர்கள் நம் பெண்கள். லயத்தில் அவர்களுக்கு உரிமை இல்லாமல் போனது போதும். தந்தை இறந்து பல ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடப்பதும் உண்டு. அத்தகைய வீட்டைப் பிள்ளைகளால் விற்கவும் முடியாது, அடமானம் வைத்துப் பழுது பார்க்கவும் முடியாது.

புது வீடுதான் வேண்டும் என்பவரை நாம் தடுக்கவில்லை. பெரிய குடும்பத்துக்கும் கார் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தலாம். ஆனால் வயதான பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள வீட்டில், விலையைக் கணக்கிடும்போது பெட்ரோலையும் வேன் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பாட்டி தானே நடந்து கோயிலுக்கும் பசாருக்கும் போய்வரும் வீட்டின் மதிப்பை விற்பனைத் தாளில் அச்சிடமாட்டார்கள். அதை வாங்குபவர்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியில் ஏதேனும் ஒரு நிலப் பத்திரம் இருக்குமானால், இன்றே அதை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதைப் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பத்திரம் எதுவும் இல்லை என்றால், அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் வீடு தேடத் தொடங்கும் நாளில் எதை முதலில் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.