ஐமவுத் துறைமுகம்

துறைமுகம் என்றவுடன் லிவர்ப்பூல், கிளாஸ்கோ என்று பெருநகரங்களையே நாம் எண்ணுகிறோம். நானும் முப்பது ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே கற்பித்தவன்தான். ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கோடியில், இங்கிலாந்தின் எல்லைக்கு வெகு அருகே, ஐ என்னும் சிற்றாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் ஐமவுத் என்றொரு மீனவர் ஊர் உண்டு. ஊரின் பெயருக்குப் பொருளும் அதுவே.

துறைக்கு எதிர்க்கரையில் கன்ஸ்கிரீன் மாளிகை கம்பீரமாக நிற்கிறது. 1753-இல் ஜான் நிஸ்பெட் என்னும் வணிகருக்காக, ஜான் ஆடம் என்னும் சிற்பி வகுத்தது. வெளித்தோற்றத்தில் கனவானின் இல்லம். உள்ளேயோ, சுவருக்குள் தேயிலையைக் கொட்டி ஒளிப்பதற்கு மறைவழி! தேயிலையின் விலையையே விஞ்சுமளவுக்கு வரி விதிக்கப்பட்ட காலம் அது. 1784-இல் பிரிட்டிஷ் அரசு அவ்வரியை நூற்றுக்குப் பன்னிரண்டரையாகக் குறைத்தது. கள்ளக் கடத்தலின் ஆதாயமும் ஒழிந்தது. காவலரால் இயலாததைக் கணக்கு செய்து முடித்தது என்க.

மாளிகைக்குக் கிடைத்த பொருள் துறைமுகத்துக்குக் கிட்டவில்லை. ஸ்மீட்டன் என்னும் புகழ்பெற்ற பொறியாளர் 18-ஆம் நூற்றாண்டில் அதனைச் சீர்படுத்தினார். ஆயினும் வாயில் குறுகலாகவே இருந்தது; அதன் முன்னே ஹர்க்கர் பாறைகள்; நீர் வற்றினால் படகு நுழையவும் இயலாது. பிடித்த மீனில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்குரியது என்ற வழக்கை எதிர்த்து மீனவர் நெடுநாள் போராடினர். 1860-களில் பெருந்தொகை தந்தே விடுதலை பெற்றனர். துறைக்குச் செல்ல வேண்டிய பணம் இவ்வாறு கரைந்தது.

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. பல நாள் கரையில் முடங்கியிருந்த மீனவர்க்கு அன்று காலை கடல் அமைதியாகத் தோன்றியது. காற்றழுத்தமானி மிகத் தாழ்ந்திருந்தது. எனினும், வறுமை அதனினும் வலிய கருவியன்றோ? படகுகள் புறப்பட்டன. நண்பகலில் வானம் இருண்டு புயல் மோதிற்று. துறையை நாடி விரைந்த படகுகள் சில, கரையில் நின்ற மனைவி மக்களின் கண்ணெதிரே பாறைகளில் சிதறின. அக்கடற்கரை முழுவதும் மாண்டவர் 189 பேர். அவருள் ஐமவுத்தார் மட்டும் 129.

மாணவர்கள் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். கரையை நாடாமல் ஆழ்கடலிலேயே புயலை எதிர்த்து நின்ற ஏரியல் கெஸல் என்னும் படகு, இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. காப்பதற்காகக் கட்டிய வாயிலைக் காட்டிலும் கொந்தளித்த நடுக்கடலே அன்று காவலாயிற்று.

2016-இல் அவ்வூரில் ஒரு வெண்கலச் சிற்பம் நிறுவப்பட்டது. படகுகளோ மீனவர்களோ அதில் இல்லை. கடலை நோக்கிக் காத்து நிற்கும் பெண்களும் குழந்தைகளுமே இருக்கின்றனர்.