சித்தம்பூண்டிக் கல்லும் நிலாவின் மண்ணும்

1971 ஜூலை 31. அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலாவில் முதன்முறையாக ஒரு வண்டியை ஓட்டினார்கள். பேட்டரியில் ஓடும் நான்கு சக்கர வண்டி. டயருக்குப் பதிலாக எஃகுக் கம்பியில் பின்னிய வலை. காலால் நடந்து எட்ட முடியாத மலைச்சரிவுக்கு அது அவர்களைக் கொண்டுபோனது. மறுநாள் அங்கே ஒரு வெளிறிய கல் கிடைத்தது. 'ஜெனசிஸ் ராக்' என்று பெயர் பெற்ற அது அனார்த்தோசைட் பாறை. வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

அந்த வகைப் பாறை, எங்கள் பெருந்துறையிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு தாண்டிப் போனால் தரையிலேயே கிடக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை. "ஏனுங்க, நம்மூர்க் கல்லு நெலாவுல எப்படிங்க?" என்று ஊரில் கேட்பார்கள். இங்கிருந்து அங்கே போனதும் இல்லை, அங்கிருந்து இங்கே வந்ததும் இல்லை. இரண்டும் தனித்தனியாக உருவானவை. நிலா உருகிய குழம்பாக இருந்தபோது கனமான கனிமங்கள் அடியில் தங்கின. லேசானவை பாலில் ஏடு மாதிரி மேலே மிதந்து மேலோடாக இறுகின. நிலாவின் வெளிர்ந்த மேட்டுநிலங்கள் அந்த ஏடுதான்.

சந்திரயான்-2 தென்துருவப் பக்கம் இறங்கவிருந்தது. அங்கே மேட்டுநில மண். ரோவரை ஓட்டிப் பார்க்க அதே குணமுள்ள மண் டன் கணக்கில் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோ சுமார் 150 டாலர் ஆகும் என்று சொல்லியிருக்கிறார் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. சாஃப்ட்வேர்க்காரர்கள் பாஷையில் இது டெஸ்ட் என்விரான்மென்ட் பிரச்சினை: ஓடப்போகும் இடம் மாதிரியே சோதிக்கும் இடமும் இல்லையென்றால் டெஸ்ட் பாஸ் ஆவதில் அர்த்தமே இல்லை.

சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் உதவியோடு பாறை அடையாளம் காணப்பட்டது. கிரஷர்களில் வேண்டிய அளவுக்கு உடைபட்டு பெங்களூரு போய்ச் சேர்ந்தது. 25 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தும், வேலை செய்தவர்கள் காசு வாங்காததால் செலவு வெகுவாகக் குறைந்தது என்கிறார் அண்ணாதுரை.

2019 செப்டம்பரில் லேண்டர் மோதி விழுந்தது. உள்ளே இருந்த ரோவர் ஓரடிகூட ஓடவில்லை.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஆறு சக்கரங்களில் மெல்ல ஊர்ந்தது. எதிரே 4 மீட்டர் அகலப் பள்ளம் வந்தபோது வந்த தடத்திலேயே திரும்பியது. செப்டம்பர் 2-ல் அதைத் தூங்கவைப்பதற்குள் 100 மீட்டர் சொச்சம் போயிருந்தது. 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. 2024 ஆகஸ்ட்டில் நேச்சர் இதழில் முடிவு வந்தது: பெரும்பாலும் அனார்த்தோசைட் வகை மண். உருகிய குழம்புக் கருதுகோளுக்கு இன்னொரு வலுவான சான்று.

மண் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் காப்புரிமை கிடைத்தது. இஸ்ரோ, பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்ஐடிக்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன, நியாயம்தான். கிரஷரில் தூசி தின்றவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. ஸ்காட் ஓட்டிய வண்டியின் கதையை உலகம் மனப்பாடமாகச் சொல்கிறது. நம் ரோவரின் கதையைச் சொல்லும்போது பெங்களூரிலிருந்து தொடங்காதீர்கள். குன்னமலையில் கல் உடைத்த நாளிலிருந்து தொடங்குங்கள்.