விரலில் இருந்து காகிதத்துக்கு

1/ வயோலா ட காம்பான்னு ஒரு பழைய ஐரோப்பிய வாத்தியம். முழங்காலுக்கு நடுவுல நிறுத்தி வில்லால வாசிப்பாங்க. அதைத் தனியா வாசிக்க டெலிமான் என்ற ஜெர்மானியர் 12 ஃபேன்டசியா எழுதி 1735-ல் அச்சிட்டார். பிறகு அது தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சாங்க. 2015-ல் ஓஸ்னாப்ரூக் ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைச்சது. 280 வருஷம் காகிதம் காப்பாத்தியிருக்கு.

2/ நம்ம ஊர்ல கதை வேற. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். வீணைக் கலைஞர். பாட்டு வரியை ஏட்டில் எழுதிடலாம். எந்த ஸ்வரத்தில் கம்பியை இழுக்கணும், எங்க சறுக்கணும்? அது சிஷ்யரோட காதுலயும் விரல்லயும்தான் இருந்தது.

3/ இதை உணர்ந்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், சென்னை அரசுச் செயலக ஊழியர். 1890-கள்ல தியாகராஜர் கிருதிகளை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட ஆரம்பிச்சார். அடுத்து தீட்சிதர் பாடல்கள். அதுக்குச் சரியான ஆள் அந்தக் குடும்பத்து வாரிசு சுப்பராம தீட்சிதர்.

4/ ஆனா முதலியாருக்குப் பார்வை மங்கிக்கிட்டே போச்சு. விடலை. 1899-ல் எட்டயபுரம் போய் ராஜாகிட்ட மன்றாடினார்: இவருக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுத வச்சு அச்சுல கொண்டு வாங்க!

5/ 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', தெலுங்கு லிபியில். முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள். வீணையில் இழுப்பு, சறுக்கல், அசைவு, ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாளம். 1906-ல் சுப்பராம தீட்சிதர் காலமானார். இடைவெளி ரெண்டே வருஷம்.

6/ இதை ஏன் ஒரு டாக்டர் எழுதறேன்? போன மாசம் நைட் டூட்டியில் ஒரு தாத்தா. மூச்சுத் திணறல். தெருக்கூத்து வாத்தியாராம். ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்திட்டு ரெண்டு அடி முணுமுணுத்தார். ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் முடிச்சு யூனிஃபார்மோட வந்த பேரனைக் கேட்டேன், "இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?"
"இல்ல சார். அவருக்கே எல்லாம் மனப்பாடம்."

7/ தாத்தா தேறி வீட்டுக்குப் போயிட்டார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாத்திரைச் சீட்டோட பேரனுக்கு இன்னொண்ணும் சொன்னேன்: "லீவு நாள்ல உக்காந்து, போன்ல ரெக்கார்ட் பண்ணுப்பா. முழுசா."

உங்க வீட்லயும் யாராவது இருந்தா, தள்ளிப் போடாதீங்க.